இலை கூறும் சான்று

வாய் திறந்து பேசும் மனிதனுக்கு வரும் நோயை அறிவதே அரிதாயிருக்கும்போது, வாயில்லாச் செடிக்கு வரும் குறையை அறிவது எங்ஙனம் என்று கேட்பாருளர். கேட்பது நியாயமே. ஆனால் செடி பேசுவதில்லை என்று யார் சொன்னார்? அது நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நிறத்தாற் பேசுகிறது, நரம்பாற் பேசுகிறது, உதிரும் பூவாற் பேசுகிறது. அதன் மொழியை நாம் கற்கவில்லை. கற்காத குறையை மறைக்கக் கண்ணேறு என்றும், காலம் சரியில்லை என்றும், கைராசி இல்லை என்றும் பெயர் சூட்டி, நம் அறியாமையை அயலார்மீதும் வானத்துக் கோள்கள்மீதும் ஏற்றிவிடுகிறோம். பூக்கும் பருவத்தில் பையில் வளரும் மிளகாய்ச் செடி மஞ்சளித்தால், அதன் காரணத்தைக் காண்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். பொருள் சிறிது, அதனுள் அடங்கிய பாடம் சிறிதன்று.

நான் கெடா மாநிலத்தில், பாடாங் செராயை அடுத்த பாடாங் மேஹா தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். தந்தையாரும் தாயாரும் பால்மரம் வெட்டியே எங்களை ஆளாக்கினர். தந்தையாருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்துத் தெரியாது. ஆயினும் மரத்தை வாசிக்கத் தெரியும். வெட்டு இல்லாத நாட்களில் உரம் இறைக்கும் கூட்டத்தோடு சென்று பழகியவர். உச்சியை அண்ணாந்து நோக்கி, "இங்கே பார், ஐயா. வெயில் படும் இலையில் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது. அதோ அந்த மரத்தில் ஓரம் நன்றாயிருக்கிறது, நரம்புக்கு நடுவில் மஞ்சளித்திருக்கிறது. இதற்குப் போடும் உரம் அதற்கு ஆகாது" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பெயர் சொல்லத் தெரியாது. பெயர் தெரியாதவர்க்கு வேற்றுமை தெரியாது என்பதில்லை. வேற்றுமை காண்பதே அறிவின் முதற்படி. பெயர் பின்னர் வருவது.

அவ்வேற்றுமையின் வரலாற்றை நான் பிற்காலத்திலேதான் படித்தறிந்தேன். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் நிறுவப்பெற்றது. 1998-இல் அது மலேசிய ரப்பர் வாரியத்தோடு ஒன்றாயிற்று. அந்நிலையத்தில் 1950-களில் போல்-ஜோன்ஸ் என்னும் அறிஞர் ரப்பர் நாற்றுகளை மணலில் வளர்த்து ஆராய்ந்தார். தூய மணலில் உணவில்லை. ஆதலின் நாம் ஊட்டியதன்றி வேறொன்றும் நாற்றுக்குக் கிட்டாது. ஒரு நாற்றுக்கு எல்லாச் சத்தும் தருவது. மற்றொன்றுக்கு மக்னீசியம் ஒன்றை மட்டும் நிறுத்துவது. வேறொன்றுக்குச் சாம்பல்சத்தை மட்டும் நிறுத்துவது. இவ்வாறு ஒவ்வொன்றாய் நிறுத்தி, எந்தக் குறை எந்த இலையில் எந்தக் கோலமாய் வெளிப்படுகிறது என்று காண்பதே அம்முறை. பின்னர் ஷோரக்ஸ் என்பார், ரப்பர் மரத்திலும் அதனூடே வளர்க்கும் மூடுபயிரிலும் தோன்றும் தாதுக்குறைகளை ஒரு நூலாக்கினார். 1964-இல் அந்நிலையமே அதனை வெளியிட்டது.

ஒன்றை நிறுத்து; மற்றவற்றை மாற்றாதே; விளைவைக் கண்ணாற் காண்; பிறகு பேசு. அவ்வளவே. இதில் மந்திரமுமில்லை, மறைபொருளுமில்லை. எவரும் செய்து பார்க்கலாம். செய்து பார்த்துத் தவறென்று கண்டால் மறுக்கவும் செய்யலாம். மறுக்க இடந்தருவதே அறிவியலின் பெருமை.

பின்னர்க் கெடா மாநிலத்துத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கும் இலையே சான்று. முழுதும் விரிந்த இளமட்டையை ஒன்றெனக் கொண்டு எண்ணி, 17-ஆவது மட்டையின் இலைகளை அறுத்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறதென்று அது சொல்லும். ஆய்வுக்கூடம் சொல்லுமுன்னே கண் சொல்வதும் உண்டு. அடிமட்டைகள் செம்மஞ்சளாய் மாறியிருக்கும் ஒரு மரத்தில், ஓர் ஈர்க்கிலையின்மேல் மற்றோர் ஈர்க்கிலை கிடந்து நிழல் செய்த இடத்தைப் பாருங்கள். நிழற்பட்ட பகுதி பச்சையாகவும், வெயிற்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால், குறை மக்னீசியம் என்று துணிவர். எவ்வளவு எளிய சோதனை! கருவி வேண்டா, காசு வேண்டா, ஓர் இலையைச் சற்றே விலக்கிப் பார்க்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.

மரம் மாறியபோது மக்களும் இடம் மாறினர். தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறியோர் பாடாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணி முதலிய ஊர்களின் அடுக்கு வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறினர். தோட்டத்தில் வீட்டின் பின்புறம் நிலம் இருந்தது. முருங்கையும் கருவேப்பிலையும் கத்தரியும் மிளகாயும் இருந்தன. ஊரில் சிமெண்டுத் தரைதான் இருந்தது. ஆயினும் நூறாண்டு மண்ணோடு பழகிய கை சும்மா இருக்குமா? மண்ணில்லாத இடத்திலும் பயிர் செய்ய வழியுண்டு என்றறிந்து, பலர் கறுப்பு நெகிழிப் பையில் தென்னைநார்த் தூளை நிரப்பி மிளகாய் நட்டனர். மேலே மழை மறைக்கும் தெளிந்த கூரை. கீழே வரிசையாய்ப் பைகள். ஒவ்வொரு பைக்கும் மெல்லிய குழாய். தொட்டியில் கரைத்த உரநீர் குறித்த வேளைகளில் சொட்டும். மலாய் மொழியில் இதனைப் பெர்த்திகாசி என்பர். 1969-இல் தோன்றிய மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இம்முறையை நாட்டில் பரப்பிற்று.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குக. நிலத்தில் நிற்கும் செடி வேரை நீட்டித் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். பையிலிருக்கும் செடிக்கு அவ்வுரிமையில்லை. நாம் தருவதையே அது உண்ண வேண்டும். மிகுதியாகத் தந்தால் மிகுதியிலேயே கிடந்து உழல வேண்டும். போல்-ஜோன்ஸ் மணலில் வளர்த்த நாற்றின் நிலைமைதான் நம் வீட்டுப் பின்புறத்து மிளகாயின் நிலைமையும். ஆதலின் அவர் ஆய்வுக்காகக் கைக்கொண்ட விழிப்பு நமக்கு அன்றாடம் வேண்டப்படுகிறது.

பூக்கும் பருவத்தில் இவ்விழிப்பு இருமடங்கு வேண்டும். நட்டு ஒரு மாதம் கடந்து செடி மொட்டுவிடத் தொடங்கியதும் அதன் குடும்பக் கணக்கே மாறிவிடுகிறது. அதுவரை இலைக்கும் தண்டுக்கும் செலவிட்ட உணவை இப்போது பூவுக்கும் பிஞ்சுக்கும் பங்கிட வேண்டும். வேர் கொண்டுவருவது போதாதாயின், அடியிலைகளில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து மேலே அனுப்பும். வீட்டில் அரிசி குறைந்த நாளில் தாய் தன் பங்கைக் குழந்தையின் தட்டில் இடுவது போன்றது அது. ஆகையால் காய்க்கும் செடியில் அடியிலை ஒன்றிரண்டு பழுத்துதிர்வது நோயன்று. நோயல்லாததை நோயென்று கருதி மருந்திடுவது, நோயை விருந்துக்கு அழைப்பதாகும்.

எங்கள் குடியிருப்பில் அடுத்த வரிசை வீட்டில் ஓர் அக்கா வாழ்கிறார். கணவர் இல்லை, படிக்கும் பிள்ளைகள் இருவர். காதுத் தோட்டை அடகுவைத்து, கூட்டுப் பணமும் எடுத்து, 200 பைகளில் மிளகாய் நட்டார். செடிகள் முழங்கால் உயரம் வந்து பூத்துக் குலுங்கின. மாசி மாதத்து வெயில் தொடங்கியதும், அடியிலைகளும் நடு இலைகளும் மஞ்சளித்தன; பூக்கள் காம்போடு உதிர்ந்தன; தோன்றிய பிஞ்சுகள் சிலவற்றின் நுனி பழுப்பேறிக் குழிந்தது. மறு மாதம் கூட்டுக்குக் கட்டவேண்டிய தொகையையும் மிளகாயின் விலையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்நிலை எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமேயில்லை. வழியோடு போன மூதாட்டி ஒருவர், "இத்தனை பூவைத் தெருவில் போவோர் வருவோரெல்லாம் பார்த்தால் கண்படாமல் இருக்குமா?" என்றார். கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையொன்று கூரையில் ஏறிற்று. உரக்கடைக்காரர், பூப்பதற்கென்றே செய்ததாகச் சொல்லி ஒரு புட்டியைக் கொடுத்தார். அதில் சாம்பல்சத்தே மிகுதி. தாமும் மிளகாய் நட்ட உறவினர் ஒருவர், "மஞ்சளித்தால் பசி, பசித்தால் உரத்தைக் கூட்டு" என்றார். தொட்டியில் உரம் கூடிற்று. வேனிற்காலமாதலின் தண்ணீரைச் சிக்கனமாய்ப் பயன்படுத்த எண்ணி, நாளொன்றுக்குச் சொட்டும் வேளைகள் குறைக்கப்பட்டன. பானை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பூவும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

"தம்பி, நீங்கள் தோட்டத்தில் உரம் போடுவோரோடு திரிந்தவர்தானே? ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அக்கா அழைத்தபோது நான் சென்றேன். என்ன உரம் போடலாம் என்பதே அவர் கேள்வி. இக்கேள்விக்கு விடை கூறுமுன் வேறு நான்கு கேள்விகள் உண்டு.

முதற்கேள்வி: இது பசிதானா? இலையைத் திருப்பி அடிப்புறம் பார்க்காமல் சத்துக்குறை என்று கூறுவது, குற்றவாளியைத் தேடாமல் தீர்ப்பெழுதுவதை ஒக்கும். இலைப்பேன் சாறுறிஞ்சினால் மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருளும். கண்ணுக்கெட்டாச் சிற்றுயிராகிய மஞ்சள் சிலந்தி உறிஞ்சினால் கீழ்நோக்கிச் சுருளும். வெள்ளை ஈ கொணரும் நச்சுநோயால் இலை சிறுத்து நெளிந்துபோகும். இவற்றுக்கெல்லாம் உரமிட்டு ஆவதொன்றில்லை. வெயிலையும் எண்ண வேண்டும். பகல் வெப்பம் மிகுந்து இரவும் குளிராதபோது மிளகாய் தானே பூவை உதிர்க்கும். அக்காவின் செடிகளில் கொழுந்திலைகள் சுருளாமல் தட்டையாகவே இருந்தன. அடிப்புறத்தில் பூச்சியின் கூட்டமில்லை. வெயிலின் பங்கு ஓரளவு இருக்கலாம். ஆனால் வெயில் பூவை உதிர்க்குமேயன்றி, அடியிலையின் நரம்பிடையில் மட்டும் மஞ்சள் பூசாது.

இரண்டாம் கேள்வி: மூத்த இலையா, இளைய இலையா? இதுவே தலையாய கேள்வி. சத்துக்கள் இருவகை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் என்பன செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. இவற்றில் ஒன்று குறைந்தால் செடி அடியிலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். ஆதலின் குறை முதலில் மூத்த இலையில் தோன்றும். சுண்ணாம்புச்சத்து, இரும்பு, போரான் முதலியன ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் எளிதிற் பெயரா. ஆதலின் அவற்றின் குறை முதலில் கொழுந்திலும் மொட்டிலும் பிஞ்சிலும் தோன்றும். எவ்விலை மஞ்சளித்தது என்ற ஒரு கேள்வியாலேயே வழக்கில் பாதி தீர்ந்துவிடுகிறது.

மூன்றாம் கேள்வி: மஞ்சளின் கோலம் யாது? மூத்த இலை நரம்போடு முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை என ஐயுறலாம். இலை கருநீலப் பசுமையாகி ஊதா படர்ந்தால் மணிச்சத்து. மூத்த இலையின் ஓரம் மஞ்சளித்துப் பின் கருகினால் சாம்பல்சத்து. நரம்பு பச்சையாய் நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளித்தால், மூத்த இலையாயின் மக்னீசியம், கொழுந்தாயின் இரும்பு. கொழுந்து நுனி கருகுவதும், பிஞ்சின் நுனி குழிந்து அழுகுவதும் சுண்ணாம்புச்சத்து எட்டாமையின் அடையாளம். இதனைப் பழுத்த காயில் வட்டவட்டமாய்த் தோன்றும் பூஞ்சண அழுகலோடு குழப்பிவிடக் கூடாது.

அக்காவின் செடிகள் தெளிவாகவே சான்று கூறின. மூத்த இலையில் நரம்பிடை மஞ்சள்: மக்னீசியம். பிஞ்சு நுனியில் குழி: சுண்ணாம்பு. இலைமுனைகளில் தீய்ந்த பழுப்பு: அது குறையின் குறியன்று; உப்பு மிகுந்ததன் குறி. இங்குதான் புதிர். தொட்டி நீரில் மக்னீசியமும் இருக்கிறது, சுண்ணாம்பும் இருக்கிறது. இருந்தும் ஏன் இல்லாமற் போயிற்று?

நான்காம் கேள்வி இதுவே: உணவு இருந்தும் உண்ண முடியாமற் செய்வது எது? இதற்குக் கண் போதாது, அளவை வேண்டும். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மின்கடத்தலால் காட்டும் சிறு கருவி ஒன்றுண்டு. உரநீர்ப் பயிர் செய்வோர் அதனை இ.சி. மீட்டர் என்பர். காய்க்கும் மிளகாய்க்கு 2 முதல் 2½ மில்லிசீமன்ஸ் அளவில் இருந்தால் போதும். அக்காவின் தொட்டியில் 3.4 காட்டிற்று. பையினடியிலிருந்து வடிந்த நீரைப் பிடித்து அளந்தபோது 6-க்கும் மேல் காட்டிற்று! புளிப்பைக் காட்டும் மற்றொரு கருவி 6 என்றது. அது சரியான அளவே. ஆகவே புளிப்பு காரணமன்று, உப்பே காரணம்.

நடந்தது இதுதான். உரம் கூடிற்று, தண்ணீர் குறைந்தது, வெயிலில் செடி தண்ணீரைக் குடித்து உப்பைப் பையிலேயே விட்டது. நாளடைவில் வேரைச் சுற்றிலும் உப்பு சேர்ந்தது. நடுக்கடலில் நீர் வேட்கையால் வாடும் மாலுமியைப் போல், நீரின் நடுவே நின்று செடி தாகத்தால் வாடிற்று. சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு ஏறுவது. நீர் ஏறுவது குறைந்தால் அதுவும் குறையும். இலை வெயிலில் ஆவி விடுவதால் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்; பிஞ்சோ அவ்வளவு ஆவி விடுவதில்லை; ஆதலின் கிடைத்த சிறிதும் இலைக்கே போய்ப் பிஞ்சு பட்டினி கிடந்தது. புட்டியிலிருந்து வந்த மிகையான சாம்பல்சத்தோ, வேரின் வாசலில் மக்னீசியத்தையும் சுண்ணாம்பையும் நெருக்கித் தள்ளிற்று. நன்கு கழுவிப் பதப்படுத்தாத தென்னைநார்த் தூளுக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. அது இயல்பாகவே சாம்பல்சத்தையும் உவர்ப்பையும் வெளிவிட்டு, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். பசி என்றெண்ணி ஊட்டிய ஒவ்வொரு கவளமும் பசியை வளர்த்தது.

இதற்குச் சான்று வேண்டுமா? அதுவும் அங்கேயே இருந்தது. வரிசையின் கடைசியில் குழாய்மூட்டுக் கசிந்து நான்கு பைகளில் ஓயாமல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்நான்கு செடிகளும் பச்சைப்பசேலென்று, பிஞ்சும் பூவுமாய் நின்றன! அதே உரம், அதே வெயில், அதே தெரு, அதே கண்கள். நீர் ஒன்றே வேறு. அந்நீர் உப்பைக் கழுவி வெளியேற்றிக்கொண்டிருந்தது. கண்ணேறு உண்மையாயின், வீதியோரத்தில் நின்ற அந்நான்குமே முதலில் பட்டிருக்க வேண்டாவா? மணலில் நாற்று வளர்த்து அறிஞர் செய்த ஆராய்ச்சியை, பழுதுபட்ட குழாயொன்று தற்செயலாய்ச் செய்து காட்டிற்று. அதைக் காணும் கண் வேண்டும், அவ்வளவே.

செய்த மருத்துவம் எளியது. வடிநீரின் அளவு இறங்கும்வரை பைகளை நல்ல நீரால் அலசினோம். புட்டியை ஒதுக்கினோம். உரநீரை 2 என்னும் அளவுக்கு இறக்கி, வேளைக்குச் சிறிதாய்ப் பல வேளை சொட்டவிட்டோம். லிட்டருக்கு 10 கிராம் வீதம் எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலைமீது தெளித்தோம். வேறெதையும் மாற்றவில்லை. ஒரே நாளில் பத்து மருந்து கொடுத்தால், பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. மறுமுறை மறுபடியும் இருட்டிலேதான் தடவ வேண்டும்.

முதல் வாரம் அக்கா மனம் தளர்ந்தார். "மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது, தம்பி" என்றார். பழுத்த இலை மீண்டும் பச்சையாகும் என்று எதிர்பார்த்தல் கூடாது; தெளிவைப் புதிய இலையிலும் புதிய பூவிலும் காண வேண்டும் என்றேன். இரண்டு வாரங்களில் புதிய இலைகள் நல்ல நிறத்தோடு விரிந்தன, பூக்கள் நின்றன. முதற்பூப்பில் மூன்றிலொரு பங்கு போனது போனதே. அடகுவைத்த தோடு அவர் எண்ணியிருந்த மாதத்தில் மீளவில்லை. இரண்டாம் அறுப்புக்குப் பின்னரே மீண்டது. கூரையில் தொங்கிய பானையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தேன். அது தரையில் இருந்தது. அதில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

இதனை மிளகாய்க் கதை என்று மட்டும் எண்ணற்க. ஜெர்மன் நாட்டில் ஸ்பிரெங்கல் 1828-இல் கூறி, லீபிக் தம் எழுத்தால் உலகறியச் செய்த ஒரு விதியுண்டு. செடியின் வளர்ச்சியை வரையறுப்பது மிகுதியாயிருக்கும் சத்தன்று. எது மிகக் குறைவாயிருக்கிறதோ அதுவே. மற்றவற்றை மலையெனக் குவித்தாலும் அக்குறை தீராமல் வளர்ச்சியில்லை. குவிப்பதால் பயனில்லை என்பது மட்டுமன்று, தீங்கும் உண்டு. பால்மரத்துக்கு மக்னீசியம் வேண்டியதே. ஆனால் மணிச்சத்தோடு ஒவ்வாத அளவில் அது மிகுந்தால், பால் நிலைகுலைந்து கோப்பையை அடையுமுன்னரே உறையத் தொடங்கும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் சோற்றுக்கு மட்டும் சொன்னதன்று.

இன்னும் ஒன்று கூறி முடிப்பேன். இலை வெளிறும் நோய்க்கு ஐரோப்பியர் குளோரோசிஸ் என்று பெயரிட்டனர். குருதியில் இரும்பு குறைந்து முகம் வெளிறிய இளம்பெண்களின் நோய்க்கும் அவர்கள் முற்காலத்தில் அப்பெயரையே வழங்கினர். பிரான்சு நாட்டில் 1840-களில் கிரீ என்பார் வெளிறிய செடிகளுக்கு இரும்புப்பைக் கொடுத்துப் பசுமையை மீட்டுக் காட்டினார். இலைப் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் அமர்ந்திருப்பதுபோல், நம் குருதிச் செம்மையின் நடுவில் இரும்பு அமர்ந்திருக்கிறது. செடிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று.

தோட்டப்புறங்களில் முற்காலத்தில் எத்தனை முகங்கள் வெளிறியிருந்தன! வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தவரின் உள்ளங்கால் வழியே கொக்கிப்புழு ஏறிக் குடலிற் குடியிருந்து குருதியை உறிஞ்சிற்று. வேலைக்கு எழ மாட்டாது சுருண்டு படுத்தவனைச் சோம்பேறி என்றனர்; தலைசுற்றி விழுந்த பெண்ணைப் பேய் பிடித்தவள் என்றனர். கீழிமையை விலக்கி, அங்கே செம்மை இருக்கிறதா என்று பார்க்க எத்தனைநேரம் பிடிக்கும்? இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தாலும் போதாது. புழுவை நீக்கி, காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பிடமும் தந்தாலன்றி நோயின் வேர் அறாது. பையில் உப்புச் சேர்ந்திருக்க இலைமேல் மருந்து தெளிப்பது எப்படியோ, அப்படியே அதுவும். மரத்தின் இலையை எண்ணிப் பறித்து ஆய்ந்த அறிவு, அம்மரத்தை வெட்டியவனின் இமையையும் அதே அக்கறையோடு விலக்கிப் பார்த்திருக்குமாயின், எத்தனை உயிர்கள் தழைத்திருக்கும்!

ஆதலின், நண்பர்களே, வெளிறிய ஒன்றைக் கண்டதும் வசைச்சொல்லையோ புட்டியையோ கையில் எடுக்காதீர். அது செடியாயினும், வகுப்பில் கடைசி வரிசையில் உறங்கும் பிள்ளையாயினும், முதலில் அருகே செல்லுங்கள். இலையைத் திருப்புங்கள். மூத்ததா, இளையதா என்று பாருங்கள். வேருக்கு நேர்ந்தது யாதென்று கேளுங்கள். பக்கத்தில் அதே வெயிலில் தழைத்து நிற்பது உண்டா, அதற்குக் கிடைத்து இதற்குக் கிடையாதது யாது என்று ஒப்பிடுங்கள். அளக்கக் கூடியதை அளந்து பாருங்கள். ஒன்றை மாற்றி, விளைவுக்குக் காத்திருங்கள். சான்று கூற இலை எந்நாளும் ஆயத்தமாகவே இருக்கிறது. கேட்பதற்கு நாம் ஆயத்தமாக வேண்டும்.